பதக்கத்துக்குப் பயிற்சியாளர்; உடல்நலத்துக்கு யார்?

நமது நாடாளுமன்றச் செய்தியாளர்

புது தில்லி: 2024 ஆகஸ்ட் 7-ஆம் தேதி மக்களவையில் வேறு எந்த அலுவலிலும் உறுப்பினர்களின் மனம் நிலைகொள்ளவில்லை. பாரீஸ் ஒலிம்பிக்கில் மகளிர் 50 கிலோ எடைப் பிரிவு மல்யுத்த இறுதிப் போட்டியில் அன்றிரவு களமிறங்கவிருந்த வினேஷ் போகாட், காலை எடைச் சோதனையில் 100 கிராம் கூடுதலாக இருந்ததால் தகுதி நீக்கம் செய்யப்பட்டிருந்தார். எதிர்க்கட்சிகளின் முழக்கங்களுக்கிடையே விளையாட்டுத் துறை அமைச்சர் மன்சுக் மாண்டவியா அறிக்கை ஒன்றை வாசித்தார். ஒலிம்பிக்குக்குத் தயாராவதற்காக வினேஷுக்கு அரசு ரூ.70.45 லட்சம் செலவிட்டது, ஹங்கேரி நாட்டுப் பயிற்சியாளரும் இயன்முறை மருத்துவரும் உடன் அனுப்பப்பட்டனர், பல்கேரியாவில் இத்தனை நாள் பயிற்சி, ஹங்கேரியில் இத்தனை நாள் பயிற்சி என்று விவரங்கள் அடுக்கப்பட்டன. நிறைவு கொள்ளாத எதிர்க்கட்சிகள் வெளிநடப்புச் செய்தன.

அறிக்கையில் ரூபாய்க் கணக்கு இருந்தது. முந்தைய இரவு அந்தப் பெண்ணின் உடலுக்கு என்ன நேர்ந்தது என்ற கணக்கு இல்லை. எதிர் வரிசையினரும் அதைக் கேட்கவில்லை. அவைக்கு வெளியே 'சதி' என்ற சொல்தான் அடிபட்டது. ஒரு மாதத்தில் வினேஷ் காங்கிரஸில் சேர்ந்ததும், அக்டோபரில் ஹரியாணாவின் ஜுலானா தொகுதியில் வென்று பேரவைக்குச் சென்றதும் விவகாரத்தை முழுக்க அரசியல் ஆக்கிவிட்டன.

அந்த இரவைப் பற்றிச் சொன்னவர் பயிற்சியாளர் வோலர் அகோஸ்தான். முகநூலில் எழுதிவிட்டுப் பின்னர் நீக்கிவிட்ட குறிப்பு ஒன்றில் அவர் கூறியதன் சாரம் இது: அரையிறுதி முடிந்தபோது 2.7 கிலோ கூடுதலாக இருந்தது. 1 மணி 20 நிமிட உடற்பயிற்சிக்குப் பிறகும் 1.5 கிலோ மிச்சம். 50 நிமிடம் நீராவி அறையில் இருந்தும் ஒரு துளி வியர்வை வரவில்லை. நள்ளிரவு முதல் காலை 5.30 மணி வரை, இடையிடையே இரண்டு மூன்று நிமிட ஓய்வு மட்டும் கொடுத்து, உடற்பயிற்சிக் கருவிகளிலும் மல்யுத்தப் பயிற்சியிலும் ஈடுபடுத்தினார்கள். அவர் சரிந்து விழுந்தார். எழுப்பி மறுபடியும் நீராவி அறைக்கு அழைத்துச் சென்றார்கள். இவர் இறந்துவிடக்கூடும் என்றே அப்போது தமக்குத் தோன்றியதாகப் பயிற்சியாளர் எழுதியிருந்தார்.

உலக அளவில் அனுபவம் பெற்ற ஒரு பயிற்சியாளர், தம் மாணவி இறந்துவிடக்கூடும் என்று எண்ணிய பிறகும் நிறுத்தவில்லை. இது தனி மனிதர் ஒருவரின் கல்நெஞ்சம் அன்று. வினேஷும் நிறுத்தச் சொல்லியிருக்க மாட்டார்; ஒலிம்பிக் இறுதிப் போட்டியை விட்டுக்கொடுக்க எந்த வீராங்கனையும் முன்வர மாட்டார். அதனால்தான் 'போதும்' என்று சொல்லும் பொறுப்பு வேறொருவரிடம் இருக்க வேண்டியதாகிறது. அந்த வேறொருவர் யார் என்பதுதான் நம் விளையாட்டு நிர்வாகத்தில் விடை காணப்படாத வினா.

இந்திய ஒலிம்பிக் சங்கத் தலைவர் பி.டி. உஷா தம் அளவில் விடை சொன்னார். மல்யுத்தம், குத்துச்சண்டை, ஜூடோ, பளுதூக்குதல் போன்ற விளையாட்டுகளில் எடையைப் பேணும் பொறுப்பு வீரரையும் அவரது பயிற்சியாளரையும் சார்ந்தது. சங்கம் நியமித்த தலைமை மருத்துவர் தின்ஷா பர்திவாலாவின் குழுவைக் குறை சொல்வதில் நியாயமில்லை என்பது அவரது அறிக்கை. விதிப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால், பொறுப்பு பயிற்சியாளருடையது என்று சொல்லும் அமைப்பு, அந்தப் பொறுப்பை நிறைவேற்றும் கல்வியும் அதிகாரமும் அவருக்கு உண்டா என்று ஒருமுறையேனும் சோதித்ததா?

கைதட்டிய நாமும்

எடைக் குறைப்பு இந்தியாவில் மறைவாக நடக்கும் காரியம் அன்று. போலந்தில் 2018-இல் நடந்த போட்டி ஒன்றுக்காக நான்கு மணி நேரத்தில் 2 கிலோ குறைத்ததாக மேரி கோம் கூறியபோது பத்திரிகைகள் அதை வீரச் செயலாகவே எழுதின. வினேஷ் தகுதி நீக்கம் செய்யப்பட்டு இரண்டு நாள்களில் அதே பாரீஸில் 57 கிலோ பிரிவில் வெண்கலம் வென்ற அமன் ஷெராவத், 10 மணி நேரத்தில் 4.6 கிலோ குறைத்தார் என்பது தலைப்புச் செய்தியாயிற்று. ஒருவர் தப்பினார், ஒருவர் மாட்டிக்கொண்டார் என்பதைத் தவிர இரண்டு இரவுகளுக்கும் என்ன வேற்றுமை? 2025 செப்டம்பரில் ஜாக்ரெப் நகரில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில் அதே அமன் 1.7 கிலோ கூடுதலாக இருந்து தகுதி இழந்தார். மல்யுத்த சம்மேளனம் அவருக்கு ஓராண்டு தடை விதித்துப் பின்னர் நீக்கிக்கொண்டது. பயிற்சியாளர் குழுவிடமும் விளக்கம் கேட்கப்பட்டது என்றாலும் தடையின் சுமை விழுந்தது 22 வயது வீரர்மீதுதான்.

குறுகிய நேரத்தில் குறைவது கொழுப்பு அன்று, நீர். ரத்தம் கெட்டிப்படுகிறது, சிறுநீரகம் திணறுகிறது, இதயத் துடிப்பு தடுமாறுகிறது. அமெரிக்காவில் 1997 நவம்பர், டிசம்பர் மாதங்களில் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூவர் எடைக் குறைப்பின்போதே அடுத்தடுத்து மாண்டனர். அங்குள்ள கல்லூரி விளையாட்டு அமைப்பு உடனே விதிகளை மாற்றியது. நீராவி அறைக்கும் ரப்பர் உடைக்கும் தடை வந்தது. பருவத் தொடக்கத்தில் ஒவ்வொருவரின் உடல் நீர்ச்சத்தைச் சோதித்து, அவர் இறங்கக்கூடிய மிகக் குறைந்த எடை இதுதான் என்று முன்கூட்டியே முடிவு செய்யும் முறையும் வந்தது. அந்த எடைக்குக் கீழே இறக்கப் பயிற்சியாளர் விரும்பினாலும் முடியாது. அந்த மூன்று மரணங்களுக்கு முன்னர் இத்தகைய கட்டுப்பாடு தேவையில்லை என்றுதான் அங்கும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கஞ்சியும் ஊறுகாயும்

அறிக்கை வெளியிட்ட உஷாவின் வாழ்க்கையிலேயே இதன் மறுபக்கம் இருக்கிறது. கேரளத்தின் கண்ணூர் விளையாட்டுப் பள்ளிக்கு வந்த மெலிந்த சிறுமியிடம் ஓட்டத் திறனைக் கண்டுபிடித்தவர் பயிற்சியாளர் ஓ.எம். நம்பியார். துரோணாச்சார்யா விருது 1985-இல் ஏற்படுத்தப்பட்டபோது முதலில் பெற்ற மூவரில் அவரும் ஒருவர், 2021-இல் காலமானார். அவரும் உஷாவும் 1984-இல் லாஸ் ஏஞ்சலீஸ் சென்றனர். 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நொடியில் நூறில் ஒரு பங்கில் வெண்கலம் கைநழுவியது. ஒலிம்பிக் கிராமத்தின் அமெரிக்க உணவு ஒத்துக்கொள்ளாமல் அரிசிக் கஞ்சியும் ஊறுகாயும் உண்டே ஓடியதாகவும், கடைசி 35 மீட்டரில் அதன் விளைவு தெரிந்ததாகவும் பல ஆண்டுகள் கழித்து உஷா கூறினார். நம்பியாரின் அக்கறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவருக்குத் துணையாக ஒரு சத்துணவு வல்லுநரை அனுப்ப வேண்டும் என்று அன்று எவருக்கும் தோன்றவில்லை.

முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 2016 ஆகஸ்டில் ரியோ நகரில் மாரத்தான் ஓடிய ஓ.பி. ஜெய்ஷா 2 மணி 47 நிமிடங்களில் 89-ஆவதாக வந்து எல்லைக் கோட்டைத் தாண்டியதும் மயங்கி விழுந்தார். வழியில் இந்தியாவுக்கான மேசைகளில் தண்ணீர்கூட இல்லை என்றார் அவர். தனிப்பட்ட பானம் வேண்டுமா என்று கேட்டோம், வேண்டாம் என்று வீராங்கனையும் பயிற்சியாளரும்தான் கூறினர் என்றது தடகள சம்மேளனம். அமைச்சகம் விசாரணைக் குழு அமைத்தது. 42 கிலோமீட்டர் வெயிலில் ஓடும் ஒருவருக்கு இடையில் என்ன பானம், எந்த இடத்தில், எவ்வளவு என்பது கேட்டுத் தெரிந்துகொள்ளும் விருப்பமாக விடப்பட்டிருந்தது என்பதே இதில் வியப்பு.

இவர்கள் எல்லோரும் உச்சியில் இருப்பவர்கள். இவர்களைச் சுற்றி மருத்துவர்களும் அமைச்சகமும் பத்திரிகைகளும் உண்டு. மாவட்ட விளையாட்டரங்கில் காலை ஐந்தரை மணிக்கு வந்து நிற்கும் பதின்மூன்று வயதுப் பெண்ணைச் சுற்றி யார் இருக்கிறார்கள்? பயிற்சியாளர் ஒருவர் மட்டுமே.

2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 19 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 59.1 சதவீதத்தினருக்கு ரத்தசோகை உள்ளது. அதாவது, தடகளப் பயிற்சிக்கு வரும் பத்துப் பெண்களில் ஐந்தாறு பேரின் ரத்தத்தில் பிராண வாயுவைச் சுமக்கும் திறன் குறைவாக இருக்கக் கூடும். மூன்றாவது சுற்றில் மூச்சு வாங்கி நின்றுவிடும் பெண்ணைச் சோம்பேறி என்று திட்டி இன்னும் இரண்டு சுற்று ஓடச் சொல்வதா, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி ரத்தப் பரிசோதனை செய்வதா என்பதை அந்த இடத்தில் தீர்மானிப்பவர் பயிற்சியாளரே. மருத்துவரிடம் பிள்ளைகள் நோய் வந்த பிறகு செல்கிறார்கள். பயிற்சியாளரோ நாள்தோறும் பார்க்கிறார். நேற்றுப் போல் இன்று ஓடவில்லை, தூங்கவில்லை, கெண்டைக்காலைப் பிடித்துக்கொள்கிறாள், இரண்டு கிலோ இளைத்திருக்கிறாள் என்பதை முதலில் காணும் கண் அவருடையது.

மாதவிலக்கைப் பற்றி ஆண் பயிற்சியாளரிடம் பேசுவது நம் ஊர்களில் இன்றும் எளிதன்று. கடும் பயிற்சியில் இருக்கும் பெண்ணுக்கு மாதவிலக்கு நின்றுபோனால், நன்றாக உழைக்கிறாள் என்பதன் அடையாளமாக அதை எண்ணும் மூடத்தனமும் உண்டு. உழைப்புக்கு ஈடான உணவு கிடைக்கவில்லை, உடல் தன் தேவைகளை ஒவ்வொன்றாக நிறுத்திவைக்கிறது என்பதே அதன் பொருள். எலும்பு மெலியும், சிறு அடிக்கே முறியும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-லேயே இதைக் குறித்து விரிவான மருத்துவக் கருத்தறிக்கை வெளியிட்டுவிட்டது. பாட்டியாலாவில் 1961 முதல் இயங்கும் நேதாஜி சுபாஷ் தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பட்டயப் படிப்பில் உடலியலும் விளையாட்டு மருத்துவமும் பாடங்களாகவே உள்ளன. ஆனால், அந்தப் பட்டயம் பெற்றவர்கள் எத்தனை மைதானங்களில் நிற்கிறார்கள்?

சாலையோரத்தில் தேநீர்க் கடை வைப்பவர்கூட உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். பூங்காவின் மூலையில் நான்கு கூம்புகளை நட்டு, 'அகாதெமி' என்று பெயர்ப்பலகை மாட்டி, பெற்றோரிடம் மாதக் கட்டணம் வாங்க எந்தத் தகுதிச் சான்றும் தேவையில்லை. தில்லியின் எந்தக் குடியிருப்புப் பகுதியிலும் இத்தகைய பலகைகளைக் காணலாம். மயங்கி விழுந்த பிள்ளைக்கு முதலுதவி செய்யத் தெரியுமா என்று பெற்றோரும் கேட்பதில்லை.

ஊசியும் ஓட்டமும்

ஊக்கமருந்தில் பயிற்சியாளரின் பங்கு இன்னும் இருண்டது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான 'வாடா'வின் புள்ளிவிவரப்படி 2023-இல் இந்தியாவில் எடுக்கப்பட்ட 5,606 மாதிரிகளில் 213-இல் தடை செய்யப்பட்ட பொருள்கள் இருந்தன. 2024-இல் 7,113 மாதிரிகளில் 260. பெருமளவில் சோதனை நடத்தும் நாடுகளில் விகிதாசாரப்படி நமக்கே முதலிடம். 2030 காமன்வெல்த் போட்டிகளை ஆமதாபாதில் நடத்தும் உரிமையைப் பெற்று, 2036 ஒலிம்பிக்கையும் கோரும் நாட்டுக்கு இது பெருமை சேர்க்கும் இடமன்று.

2023 செப்டம்பரில் தில்லி ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கில் மாநில அளவிலான தடகளப் போட்டியின் கடைசி நாளில் ஊக்கமருந்துச் சோதனைக் குழு வந்திருப்பதாகச் செய்தி பரவியது. ஆடவர் 100 மீட்டர் இறுதி ஓட்டத்துக்குத் தகுதி பெற்ற எட்டுப் பேரில் ஓட வந்தவர் ஒருவர்தான். கழிப்பறையில் ஊசிக் குழல்கள் கிடந்தன. இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. அந்த ஊசிகளைப் போட்டுக்கொண்டவர்கள் ஒலிம்பிக் வீரர்கள் அல்லர். ரயில்வேயிலோ காவல் துறையிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்காதா என்று ஓடும் எளிய வீட்டுப் பிள்ளைகள். ஸ்டீராய்டு மருந்தின் அளவை அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? கல்லீரலையும் இதயத்தையும் அது என்ன செய்யும் என்பதை யார் சொல்லவில்லை?

2011-இல் இந்தியாவின் முன்னணி ஓட்ட வீராங்கனைகள் சிலர், தொடர் ஓட்டத்தில் முந்தைய ஆண்டு தங்கம் வென்றவர்களும் அவர்களில் உண்டு, ஸ்டீராய்டு சோதனையில் சிக்கினர். பயிற்சியாளர் வாங்கித் தந்த ஜின்செங் மாத்திரைகளில்தான் அது கலந்திருக்க வேண்டும் என்று அவர்கள் கூறினர். உக்ரைன் நாட்டுப் பயிற்சியாளர் யூரி ஒகொரோட்னிக்கை அன்றைய அமைச்சர் அஜய் மாக்கன் பணிநீக்கம் செய்தார். நீதிபதி முகுல் முத்கல் விசாரித்தார். முடிவில் வீராங்கனைகளுக்கு இரண்டாண்டு தடை. பயிற்சியாளர் ஊருக்குத் திரும்பினார். 2019-இல் தோஹா ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரில் தங்கம் வென்று தமிழகமே கொண்டாடிய திருச்சி மாவட்டத்து கோமதி மாரிமுத்துவும் அடுத்த ஆண்டே நான்காண்டு தடைக்கு உள்ளானார். தாம் தெரிந்து எதையும் உட்கொள்ளவில்லை என்றே அவர் கூறிவந்தார். உண்டவர் தெரிந்து உண்டாரா என்பது விதிகளின்படி பெரும்பாலும் இரண்டாம் கேள்விதான். உடலில் இருப்பதற்கு உடலுக்குரியவரே பொறுப்பு. கொடுத்த கை யாருடையது என்று தேடுவது கடினம், நிரூபிப்பது அதைவிடக் கடினம்.

18 வயதுக்கு உட்பட்டோர் சிக்கினால் அவரது பயிற்சியாளர் உள்ளிட்டோரைத் தாமாகவே விசாரிக்க வேண்டும் என்று வாடாவின் விதித்தொகுப்பு கூறுகிறது. நாடாளுமன்றம் 2022-இல் தேசிய ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றியது, 2025-இல் திருத்தியது. மாநிலங்களவையில் உஷாவின் கன்னிப்பேச்சு அந்த 2022 மசோதா மீதுதான். ஊக்கமருந்து இளையோர் நிலைக்கும் இறங்கிவிட்டது என்று அன்று அவர் எச்சரித்தார். தடகள சம்மேளனம் 2025-இல், தகுதிச் சான்று உள்ளவர், இல்லாதவர் என்ற வேறுபாடின்றிப் பயிற்சியாளர்கள் அனைவரும் தன்னிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று அறிவித்தது. யார் யார் பயிற்சி தருகிறார்கள் என்ற பெயர்ப்பட்டியலையே 2025-இல்தான் தயாரிக்கத் தொடங்கினோம் என்பதையும் இது சொல்லாமல் சொல்கிறது.

பரிசு முறையும் ஒரு காரணம். சர்வதேசப் போட்டிகளில் பதக்கம் வெல்வோருக்கு மத்திய அரசு தரும் ரொக்கப் பரிசில் பாதிக்கு ஈடான தொகை பயிற்சியாளருக்கு வழங்கப்படுகிறது. உழைப்புக்கு உரிய பரிசு, மறுப்பதற்கில்லை. பத்தாண்டு காலம் ஒரு பிள்ளைக்கும் முட்டி முறியாமல், ஊசி படாமல், பள்ளிப் படிப்புக் கெடாமல் நூறு பேரை விளையாட வைத்த பயிற்சியாளருக்கு எந்தத் திட்டத்தில் எந்தத் தலைப்பின் கீழ் பரிசு இருக்கிறது?

புகார் சொல்ல ஓர் இடம்

உடல்நலம் என்பது எலும்பும் தசையும் மட்டுமன்று. பயிற்சியாளரிடம் உள்ள அதிகாரம் அளவற்றது. அணியில் பெயர், விடுதியில் இடம், வெளியூர்ப் பயணம், வேலைக்கான சான்றிதழ் எல்லாம் அவர் கையில். 2010 முதல் 2019 வரையிலான பத்தாண்டுகளில் இந்திய விளையாட்டு ஆணைய மையங்களில் பதிவான பாலியல் தொல்லைப் புகார்கள் 45 என்றும், அவற்றில் 29 பயிற்சியாளர்களுக்கு எதிரானவை என்றும் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் பெறப்பட்ட விவரங்களை 2020-இல் ஆங்கில நாளேடு ஒன்று வெளியிட்டது. 2021 மே மாதம் சென்னையில் பெயர்பெற்ற தடகளப் பயிற்சியாளர் ஒருவர் போக்சோ சட்டத்தில் கைது செய்யப்பட்டதைத் தமிழக வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அடுத்த ஆண்டு ஸ்லோவீனியாவில் பயிற்சியில் இருந்த சைக்கிள் வீராங்கனை ஒருவர் தலைமைப் பயிற்சியாளர் மீது புகார் கொடுத்து நாடு திரும்பினார். பெண்கள் இடம்பெறும் அணிகளுடன் பெண் பயிற்சியாளர் ஒருவர் கட்டாயம் செல்ல வேண்டும் என்று ஆணையம் உத்தரவிட்டது அதற்குப் பிறகுதான். அந்த உத்தரவை நிறைவேற்றத் தேவையான பெண் பயிற்சியாளர்களை உருவாக்குவது உத்தரவு போடுவதைக் காட்டிலும் நெடிய வேலை.

மாநிலப் பட்டியலில் 33-ஆவது இனம்

2025 ஆகஸ்ட் 11-ஆம் தேதி, பிகார் வாக்காளர் பட்டியல் திருத்தத்தை எதிர்த்துத் தேர்தல் ஆணையத்தை நோக்கிப் பேரணி சென்ற எதிர்க்கட்சி உறுப்பினர்களைக் காவல் துறையினர் வழியிலேயே தடுத்து அழைத்துச் சென்ற நாளில், தேசிய விளையாட்டு நிர்வாக மசோதாவும் ஊக்கமருந்துத் தடுப்புத் திருத்த மசோதாவும் மக்களவையில் நிறைவேறின. நிலைக்குழுவுக்கு அனுப்புங்கள் என்று அதன் தலைவர் திக்விஜய் சிங் கேட்டிருந்தார், அனுப்பப்படவில்லை. மறுநாள் மாநிலங்களவையும் ஒப்புதல் அளித்தது. சம்மேளனங்களின் தேர்தல், நிர்வாகிகளின் வயது, தேசிய விளையாட்டு வாரியம், தீர்ப்பாயம் என்று நிர்வாகத்தைச் சீர்செய்யும் பிரிவுகள் சட்டத்தில் நிறைய உள்ளன. பெண்களையும் சிறாரையும் காக்கும் பாதுகாப்பான விளையாட்டுக் கொள்கைக்கும் அதில் இடமுண்டு. வரவேற்க வேண்டிய பிரிவு அது. பயிற்சியாளருக்குரிய குறைந்தபட்சத் தகுதி என்ன என்பதை மட்டும் சட்டம் வரையறுக்கவில்லை. விவாதம் முறையாக நடந்திருந்தால் யாரேனும் எழுப்பியிருக்கக் கூடிய கேள்வி அது. ஆளும் கட்சியின் அவசரத்துக்கும் எதிர்க்கட்சிகளின் வேறு கவலைகளுக்கும் இடையே அது கேட்கப்படாமலே போயிற்று.

கேட்டிருந்தாலும் வந்திருக்கக் கூடிய பதிலை நாடாளுமன்றச் செய்தியாளர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள்: விளையாட்டு மாநிலப் பட்டியலைச் சேர்ந்தது. அது உண்மையே. அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 33-ஆவது இனத்தில் நாடகம், சினிமா, கேளிக்கை ஆகியவற்றோடு விளையாட்டும் வைக்கப்பட்டுள்ளது. விளையாட்டை உடல்நலத்தோடு சேர்க்காமல் பொழுதுபோக்கோடு சேர்த்தவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை; அன்றைய பார்வை அது. ஆனால் சம்மேளனங்களை ஒழுங்குபடுத்துவதற்குத் தடையாக இல்லாத 33-ஆவது இனம், பயிற்சியாளர் தகுதி என்றதும் தடையாகிவிடுவது எப்படி?

மத்தியத் திட்டங்கள் இல்லாமல் இல்லை. 2008-இல் தொடங்கப்பட்ட பைக்கா திட்டத்தில் ஊராட்சிக்கு ஒரு 'கிரீடாஸ்ரீ' தொண்டர் நியமிக்கப்பட்டு மாதம் ரூ.500 மதிப்பூதியம் வழங்கப்பட்டது. அன்றைக்கும் அது சில நாள் கூலி, அவ்வளவே. 2014-இல் அது ராஜீவ் காந்தி பெயரிலான திட்டமாக மாறி, பின்னர் கேலோ இந்தியாவில் கரைந்தது. இன்றைய கேலோ இந்தியா மையங்களில் முன்னாள் வீரர் ஒருவர் பயிற்சியாளராக இருக்க வேண்டும் என்பது விதி. ஒரு மையத்துக்குத் தொடக்கத்தில் ரூ.5 லட்சமும் பின்னர் ஆண்டுக்கு ரூ.5 லட்சமும் ஒதுக்கப்படுகின்றன. பயிற்சியாளர் ஊதியம், உபகரணம், சீருடை, போட்டிப் பயணம் எல்லாம் அந்த ஆண்டுத் தொகைக்குள் அடங்க வேண்டும். நன்றாக ஆடியவர் நன்றாகக் கற்பிப்பார் என்ற நம்பிக்கையின் மேல் நிற்கும் திட்டம் இது. தாம் எப்படி வதைபட்டோமோ அப்படியே மாணவர்களையும் வதைக்கும் முன்னாள் வீரர்களை அறியாதவர்கள்தாம் அதை முழுதாக நம்ப முடியும்.

விதிவிலக்குகளும் உண்டு. புல்லேலா கோபிசந்த் 2001-இல் ஆல் இங்கிலாந்து பட்டம் வென்று திரும்பியதும் குளிர்பான நிறுவன விளம்பர வாய்ப்பு வந்தது. உடலுக்கு நல்லதல்ல என்று தாமே குடிக்காத பானத்தைப் பிள்ளைகளைக் குடிக்கச் சொல்ல மாட்டேன் என்று மறுத்துவிட்டார். அவர் அப்போது பெரும் செல்வந்தர் அல்லர். முட்டி அறுவைச் சிகிச்சைகளைக் கடந்து வந்தவர் என்பதால் காயத்தின் விலை அவருக்குத் தெரிந்திருந்தது. ரியோ ஒலிம்பிக்குக்கு முன் பி.வி. சிந்துவிடமிருந்து செல்பேசியை மூன்று மாதம் வாங்கி வைத்துக்கொண்டதையும் ஐஸ்கிரீமை நிறுத்தியதையும் ஊர் பேசியது. குளிர்பானத்தை மறுத்தது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. என் பார்வையில் அதுவே பெரிய செயல்.

ஏனெனில், பயிற்சியாளரின் சொல் பதக்கம் வெல்லப்போகும் சிலரோடு நின்றுவிடுவதில்லை. 2022 நிலவரப்படி இந்தியாவில் வயது வந்தோரில் 49.4 சதவீதத்தினர் போதிய உடலியக்கம் இல்லாதவர்கள் என்று உலக சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. பள்ளியில் விளையாட வந்து, பயிற்சியாளரின் வசவுக்கு அஞ்சியோ, காயத்தோடு ஓடச் சொன்னதாலோ, 'நீ தேறமாட்டாய்' என்று ஒதுக்கப்பட்டோ பன்னிரண்டு வயதில் மைதானத்தை விட்டு வெளியேறியவர்களும் அந்தப் பாதியில் இருக்கிறார்கள். சர்க்கரை நோயும் ரத்தக் கொதிப்பும் வந்த பிறகு நாற்பத்தைந்து வயதில் மருத்துவர் இவர்களை நடக்கச் சொல்கிறார்.

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை நூறு மாணவர்களுக்கு மேல் உள்ள பள்ளியில் ஓவியம், கைத்தொழில் ஆகியவற்றோடு 'உடல்நலம் மற்றும் உடற்கல்வி'க்கும் பயிற்றுநர் இருக்க வேண்டும். சட்டம் இரண்டையும் ஒரே சொல்தொடரில் சேர்த்தது நல்ல காரியம். ஆனால் பயிற்றுநர் என்ற சொல்லுக்கு முன்னால் 'பகுதிநேர' என்ற அடைமொழியையும் சேர்த்துவிட்டது. அந்தப் பிரிவின்படி தமிழகத்தில் 2012-இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் ரூ.5,000 ஊதியத்தில், வாரத்துக்கு மூன்று அரை நாள் என்ற கணக்கில் நியமிக்கப்பட்டனர். உடற்கல்வி ஆசிரியர்களும் அவர்களில் அடக்கம். பணி நிரந்தரம் கோரி அவர்கள் நடத்திய போராட்டங்கள் இரண்டு கழக ஆட்சிகளையும் கண்டுவிட்டன. சென்னையில் கேட்டால் நிதி மத்திய திட்டத்தைச் சார்ந்தது என்கிறார்கள். தில்லியில் கேட்டால் ஆசிரியர் நியமனம் மாநில அரசின் பொறுப்பு என்று எழுத்துபூர்வ பதில் வருகிறது.